முதல் வருத்தக் கடிதம்

"பென்ட்சிவா ஓடிப்போயிட்டாள்னு சொல்லாதே மான்சா. ஓடுறவ காலையில பத்து மணிக்கா ஓடுவா?"

"பின்ன, ஊர்வலமா போனாள்னு சொல்லணுமா? முப்பத்தொரு காலேஜுக்குக் கள்ளச் சான்றிதழ் எழுதினவ. அத்தனையும் அவ கையெழுத்து. ரேடியோவிலேயே சொல்லிட்டாங்க."

"எழுதினது அவ கைதான். கள்ளம்னு அவளுக்குத் தெரியாது."

"நீங்க அவிச்சு விக்கிற கென்கே நல்லாயிருக்குன்னு ஒருத்தி சொல்லிட்டாப் போதும், கொலைகாரியா இருந்தாலும் மருமகளாக்கிக்குவீங்க. பெத்த பொண்ணு படிப்பையே கெடுத்தவ அவ!"

எதிர்வீட்டு மான்சா தலை பின்னுகிறவள். விரல் போகும் வேகத்தில் வாயும் போகும். எங்கள் ஊர் கேப் கோஸ்ட்டின் அபுரா பக்கம் இருக்கிற பெண்களில் பாதிப்பேர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். அதனால் அவள் சொன்னதுதான் இப்போது ஊர்ப்பேச்சு. நான் ஒருத்தியாகக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆகவே முழுவதையும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவேன், திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பேன்.

பென்ட்சிவா என் வளவில் குடிவந்து நான்கு வருடம். அதற்கு முன் இருபத்தாறு வருடம் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் ஸ்டோர் ரூம் அவள் பொறுப்பில் இருந்தது. அரிசி, பால் டின், எண்ணெய், தட்டு, கரண்டி எல்லாம் அவள் சாவிக்குள். பிறகு அந்தப் பள்ளி சமையலை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டது. ஸ்டோர் இல்லை, ஸ்டோர்காரியும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் மீன்பிடிக்க எல்லை தாண்டி அபிஜானுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவன். ஒரே மகள் ஆபா. நாற்பது தொடும்போது பிறந்த பிள்ளை.

அறை பார்க்க வந்த அன்று அவள் செய்த முதல் காரியம், முற்றத்திலிருந்த பிளாஸ்டிக் தண்ணீர் டேங்கை விரல் முட்டியால் நான்கு இடத்தில் தட்டியது.

"பாதி இருக்கு" என்றாள்.

"காலையிலதான் நெறைச்சேன்" என்றேன் நான்.

"அப்ப ஓட்டை இருக்கு."

ஓட்டை இருந்தது. அடியில், சுவர்ப்பக்கம், ஈரத்தில் புல் முளைத்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மான்சா சொல்வதுபோல், நான் சோள மாவைப் புளிக்கவைத்து அவிக்கிற கென்கேயைப் புகழ்ந்ததால் அல்ல. என் கென்கே உப்பு குறைவு என்று நான்கு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

எதையும் தட்டிப் பார்ப்பாள். பால் டின், காஸ் சிலிண்டர், சேனைக்கிழங்கு, மாவு மூட்டை. நிறைந்ததற்கு ஒரு சத்தம், காலிக்கு ஒரு சத்தம், ஏமாற்றுவதற்கு ஒரு சத்தம் என்பாள்.

ஆபாவை அவள் நங்கூரம் உடல்நலக் கல்லூரியில் சேர்த்தாள். ரத்தம், சிறுநீர் சோதிக்கிற படிப்பு, மூன்று வருடம். முடித்தால் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டோடு வேலை. மூரி போகும் சாலையில் பழைய மீன் ஐஸ் கிடங்கு இருந்த கட்டடம். பாஸ்டர் இன்கூம் அதை வாங்கி வெள்ளையடித்துக் கல்லூரியாக்கியிருந்தார். வாசலுக்கு நேரே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. கினி வளைகுடா உயர்கல்வித் தர மன்றம் இந்தக் கல்லூரியை அங்கீகரித்திருக்கிறது என்று. அடியில் மேடாக எழும்பிய முத்திரை. பென்ட்சிவா அதைத் தடவிப் பார்த்தபிறகே மகள் பெயரைக் கொடுத்தாள்.

மாணவிகளைச் சேர்த்துக்கொள்ளும் விழா அன்று விருந்து. தக்காளி போட்டு வேகவைத்த ஜொலோஃப் சோறு பெரிய அண்டாவில் விளிம்பு வரை குவிந்திருந்தது. பென்ட்சிவா போகிற போக்கில் அண்டாவைத் தட்டினாள். நின்றாள். இன்னொரு முறை தட்டினாள். "உள்ள ஒரு சட்டியைக் கவுத்து வச்சிருக்கீங்க" என்றாள் சமையல்காரியிடம். அவள் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தாள். கரண்டியை விட்டுக் கிளறினால், கவிழ்த்த சட்டிதான். பாதி அண்டாவுக்கு அதுவே நின்றது.

சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் டாக்டர் குவெய்னூ, அந்தத் தர மன்றத்தின் தலைவர். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஆன்ட்டி, உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க" என்றார்.

அப்படித்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. மன்றம் கொட்டோகுராபா சந்தைக்குப் பின்னால், கழிவறைச் சாமான் கடைக்கு மேலே, இரண்டு அறை. கீழே வரிசையாக வெள்ளைக் கழிவறைப் பீங்கான்கள். மேலே சான்றிதழ்கள். அவளுடைய வேலை மூன்று: சாவி வைத்துக்கொள்வது, சான்றிதழில் கல்லூரிப் பெயரும் தேதியும் எழுதுவது, முத்திரை அழுத்துவது. அவள் எழுத்து, எழுத்துத் தெரியாத எனக்கே அழகாகத் தெரியும். தட்டில் வரிசையாக வைத்த முட்டைகள் மாதிரி. முத்திரை ஒரு கனத்த இரும்பு. காகிதத்தை நடுவில் வைத்து அழுத்தினால் எழுத்து மேடாக எழும். ஸ்டோர் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகியவள், முத்திரையையும் தினம் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

யாரும் கேட்காமலே இன்னொன்றும் செய்தாள். நோட்டு ஒன்று போட்டாள். எந்தக் கல்லூரிக்கு, எந்த எண்ணில், எந்தத் தேதியில் சான்றிதழ் போயிற்று என்று ஒவ்வொன்றையும் பதிந்தாள். வெளியே போன கரண்டிக்கும் கணக்கு வைத்த கை.

கல்லூரிகளைப் போய்ப் பார்ப்பது டாக்டர் குவெய்னூவின் வேலை. தானே கார் ஓட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது நாற்பது கேள்விப் படிவத்தில் நாற்பதுக்கும் "ஆம்" இருக்கும். பென்ட்சிவா வாழ்த்துக் கடிதத்தை எடுத்துப் பெயர் எழுதுவாள். அலமாரியில் இரண்டு விதக் கடிதம் அச்சடித்து வைத்திருந்தது. மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம் என்பது ஒன்று, வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டிலும் டாக்டரின் கையெழுத்து அச்சிலேயே இருந்தது. மகிழ்ச்சிக் கடிதம் நான்கு முறை தீர்ந்து நான்கு முறை அச்சடித்தார்கள். வருத்தக் கடிதத்தின் கட்டை யாரும் பிரிக்கவில்லை, அச்சகத்தில் கட்டிய சணல் அப்படியே இருந்தது.

"அவ்வளவு நல்ல காலேஜுங்க" என்று அப்போது என்னிடம் சொன்னாள். அவள் கேலி செய்யவில்லை. நம்பினாள்.

இருபது மாதம் இப்படிப் போயிற்று. பிறகு செகண்டியில் டாக்டரின் மாமியார் இறந்தார். எங்கள் பக்கம் மருமகன் என்றால் சவப்பெட்டியிலிருந்து பந்தல் நாற்காலி வரை முன்னால் நிற்க வேண்டும். பத்து நாள் வேலை. அதற்குள் நங்கூரம் கல்லூரியின் ஐந்து வருட அங்கீகாரம் முடிகிற தேதி வந்துவிட்டது. புதுப்பித்தாக வேண்டும். கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காரில் ஏறும்போது சொன்னார்.

"ஆன்ட்டி, நங்கூரத்துக்கு நீங்களே போயிட்டு வந்துடுங்க. ஒண்ணுமில்ல. படிவத்தை நிரப்பி, அதுக்கேத்த கடிதத்தைக் குடுத்துடுங்க."

அவர் கேட்டது வேறு, இவள் செய்தது வேறு என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டதை அட்சரம் பிசகாமல் செய்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை நல்ல துணி உடுத்திப் போனாள். பாஸ்டர் இன்கூம் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். மேசையில் சோறு, பொரித்த கோழி, குளிர்ந்த பானம், பக்கத்தில் ஒரு உறை.

"முதல்ல சாப்பிடுங்க ஆன்ட்டி. டாக்டரும் எப்பவும் சாப்பிட்டுட்டுத்தான் ஆரம்பிப்பார்."

"சாப்பிட்டப்புறம் எங்கெல்லாம் போய்ப் பாப்பார்?"

"அவர் மேசையிலயே முடிச்சிடுவாரே" என்றார் பாஸ்டர். அவரும் ஒளித்துப் பேசவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று அவரும் நினைத்திருந்தார்.

இவள் எழுந்து நூலகத்துக்குப் போனாள். ஆயிரத்து இருநூறு புத்தகம் என்று படிவத்தில் இருந்தது. புத்தகம் இருந்தது, அதில் பொய்யில்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ தர்மமாக அனுப்பிய பெட்டிகள். பனியில் ஓடும் வண்டியைப் பழுதுபார்ப்பது எப்படி என்று எண்பது புத்தகம். யாரோ ஒரு ஊரின் வரிச் சட்டம். ரத்தத்தைப் பற்றி மூன்று. ஆசிரியர்கள் இருபத்திரண்டு என்று பட்டியல். வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணினாள், ஏழு பேர். எட்டாவது ஆள் வாசலில் பாஸ்டரின் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டியலில் அவர் வேதியியல்.

ஆய்வுக்கூடம் பழைய ஐஸ் அறைக்குள். இன்னும் மீன் வாடை போகவில்லை. அலமாரி முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள், நீலம், சிவப்பு, மஞ்சள். ஒவ்வொன்றாகத் தட்டினாள். திறந்து மோந்தாள். துணிக்குப் போடுகிற நீலம். சிவப்பு, சர்பத். மைக்ராஸ்கோப் மூன்று, மேலே பிளாஸ்டிக் உறை. இரண்டில் கண்ணாடி வில்லை இல்லை. மூன்றாவதில் பார்த்தாள். உள்ளே சிலந்தி வலை.

அந்த நேரம் ஆபா ஜன்னலுக்கு வெளியே தோழிகளோடு நின்றிருந்தாளாம். அம்மா பாட்டிலைத் தட்டுவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

சோற்றைத் தொடவில்லை. உறையைத் தொடவில்லை. பென்ட்சிவா வீட்டுக்கு வந்து என் அடுப்பில் கென்கே வாங்கிச் சாப்பிட்டாள். அன்றும் உப்பு குறைவு என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் முற்றத்தில் ஆபா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் சோள மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பென்ட்சிவா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"மா, ஆமான்னு எழுதிட்டுப் போயேன்" என்றாள் ஆபா, தலையைத் தூக்காமல். "இன்னும் ஒரே வருஷம். அப்புறம் நீ என்ன வேணா எழுது."

"ரெண்டு வருஷத்துல மைக்ராஸ்கோப்ல எத்தனை தடவை பாத்திருக்கே?"

ஆபா துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஒரு சொட்டு ரத்தமாவது?"

"படத்துல காட்டினாங்க."

"படத்துலயா."

"எல்லாம் வேலைக்குப் போற எடத்துல கத்துக்கலாம்னு சொன்னாங்கமா. முன்னாடி படிச்சவங்க எல்லாம் அப்படித்தான் வேலை பாக்குறாங்க. எல்மினாவுல ரெண்டு பேர் இருக்காங்க, நல்லாத்தான் பாக்குறாங்க."

எனக்கு மாவில் கை நின்றது. போன மழைக்காலம் என்னை எல்மினாவில்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது நாள் நடுங்கினேன். பென்ட்சிவா என்னைப் பார்த்தாள். அந்த ஒன்பது நாளும் என் தலைமாட்டில் இருந்தவள் அவள்.

பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஆபா துணியைப் பிழிந்து கொடியில் போடாமல் அப்படியே வாளியில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்பதில் முப்பத்து மூன்று "இல்லை".

திங்கள்கிழமை மன்றத்துக்குப் போய் அலமாரியைத் திறந்து, வருத்தக் கடிதக் கட்டின் சணலைக் கத்தியால் அறுத்தாள். மேலே இருந்த தாள் பழுத்துப் போயிருந்ததாம். இரண்டாவதை எடுத்து நங்கூரம் என்று எழுதி, முத்திரை அழுத்தி, தானே கொண்டுபோய்ப் பாஸ்டர் கையில் கொடுத்தாள். நோட்டிலும் பதிந்தாள்.

கேப் கோஸ்ட் முழுவதும் தலைகீழானது அந்த ஒரு கடிதத்தால்தான். பாஸ்டர் இன்கூம் உண்மையிலேயே கொதித்துப்போனார். பத்து வருடமாக அங்கீகாரம் வாங்கியவர், அநியாயம் நடந்துவிட்டது என்று நம்பினார். அக்ராவில் அரசாங்கத்தின் அங்கீகார அலுவலகத்துக்கே போய்ப் புகார் கொடுத்தார். அங்கே ஒரு பெண் பெரிய பதிவேட்டைப் புரட்டினாளாம். "எந்த மன்றம் உங்களை மறுத்ததுன்னு சொன்னீங்க? அப்படி ஒரு மன்றமே இங்க இல்லையே. உங்க காலேஜும் இல்லையே ஐயா" என்றாளாம். இதையெல்லாம் பாஸ்டரே காலை ரேடியோவில் வந்து சொன்னார், தான் ஏமாற்றப்பட்டதாக. சொல்லி முடித்தபிறகுதான், சொன்னதில் தன் கல்லூரியும் போய்விட்டது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

டாக்டர் குவெய்னூ செகண்டியிலிருந்து நேரே என் முற்றத்துக்கு வந்தார். துக்கத் துணியைக்கூட மாற்றவில்லை. கத்துவார் என்று நினைத்து நான் கென்கே துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, என்ன காரியம் பண்ணிட்டீங்க."

"நீங்க சொன்னதைத்தான் டாக்டர். படிவத்துக்கேத்த கடிதம்."

"பதினோரு வருஷமா அந்தக் கட்டைப் பிரிச்சதில்ல."

"அப்புறம் எதுக்கு அச்சடிச்சு வச்சீங்க?"

"ரெண்டு மாதிரி கடிதம் இருந்தாத்தானே பாக்க மன்றம் மாதிரி இருக்கும்" என்றார்.

பென்ட்சிவா அவர் எதிரே வந்து நின்றாள்.

"நம்ம ஆபீஸ் சுவத்துல உலகத் தர மன்றங்களின் பேரவைன்னு ஒரு சான்றிதழ் தொங்குதே. அது நான் வந்த முதல் வாரம் எழுதினது."

"ஆமா. பழசு கரையான் அரிச்சிருந்தது. அழகா எழுதிக் குடுத்தீங்க."

"அந்தப் பேரவை எந்த ஊர்ல இருக்கு?"

டாக்டர் தாடையைச் சொறிந்தார். "அதே ஆபீஸ்தான் ஆன்ட்டி. அலமாரியில கீழ்த்தட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்ட்சிவா சிரிக்கவில்லை. மன்றத்துக்கு மேலே இருந்த மன்றத்துக்கும் அவள் கையாலேயே சான்றிதழ் எழுதியிருக்கிறாள்.

"முத்திரையைக் குடுங்க, நான் கிளம்பணும்" என்றார் அவர்.

"பொருளை வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இருபத்தாறு வருஷத்துல ரசீது இல்லாம ஒரு கரண்டி குடுத்ததில்ல."

டாக்டர் அவளைப் பார்த்தார். எழுந்தார். கையெழுத்துப் போடவும் இல்லை, முத்திரை வாங்கவும் இல்லை. கார் எந்தப் பக்கம் போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இரண்டு நாளில் போலீஸ் கழிவறைக் கடையின் மேல்மாடியைப் பூட்டியது. கல்லூரிச் சுவர்களில் தொங்கிய சான்றிதழ்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியாக வழங்கியவை எல்லாவற்றிலும் முட்டை மாதிரி ஒரே எழுத்து. அதைத்தான் ரேடியோ சொன்னது, அதைத்தான் மான்சா பிடித்துக்கொண்டாள். எல்லையோரத்து ஹாஃப் அசினியிலிருந்து பென்ட்சிவாவின் அண்ணன் ஆள் அனுப்பினார். எல்லையைத் தாண்டிவிடு, ஆறு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று. நங்கூரம் வாசலில் பூட்டுத் தொங்கியது. ஆபா தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே அறையில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார்கள். கடைசியாக அவள் பேசியது, "வேற யார் போயிருந்தாலும் ஆமான்னு எழுதியிருப்பாங்க. எனக்குன்னு பாத்து நீ போனே" என்பதுதான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருடம் போனது போனதுதான். அதை மறைத்துப் பேச எனக்குத் தேவையில்லை.

அந்த வாரம் முழுக்கப் பென்ட்சிவா நோட்டைப் பிரதி எடுத்தாள். அவள் காலத்தில் எழுதிய முப்பத்தொரு கல்லூரி. ஒவ்வொன்றிலும் என்ன படிப்பு, எத்தனை பேர், படித்து முடித்தவர்கள் எந்த ஊரில் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். எல்மினாவின் இரண்டு பேரும் அதில் உண்டு. ஆபாவின் பெயரை எழுதும்போது, நங்கூரம், இரண்டாம் வருடம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஆபா இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை குளித்து, நல்ல துணி உடுத்தினாள். கல்லூரியைப் பார்க்கப் போன அன்று உடுத்திய அதே துணி. பிரதியை என்னிடம் கொடுத்தாள்.

"எனக்கு இது என்னத்துக்கு? தலைகீழாப் பிடிச்சாக்கூடத் தெரியாது."

"அதனாலதான் உங்ககிட்ட. நீங்க திருத்த மாட்டீங்க."

அறைச் சாவியையும் கொடுத்தாள். முற்றத்தைக் கடக்கும்போது டேங்கைத் தட்டிவிட்டு, "கால்வாசிதான் இருக்கு, இன்னைக்கே நெறைச்சிடுங்க" என்றாள். வழிக்கு இரண்டு கென்கேயும் பொரித்த மீனும் இலையில் கட்டிக் கொடுத்தேன். அன்று மட்டும் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த அரசாங்க ஆபீஸ்காரங்க உன்னையே பிடிச்சு உள்ள வச்சிட்டா?" என்று கேட்டேன்.

"வச்சா வைக்கட்டும். நோட்டை வாங்கிக்கிட்டாங்கன்னா போதும். இந்தப் பிள்ளைங்களுக்கு என்ன வழின்னு கேப்பேன். மறுபடி முதல்லேருந்து படின்னு சொன்னாலும் சரி, எங்கே படிக்கணும்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும்."

முத்திரையும் நோட்டும் இருந்த பையைத் தூக்கினாள். கனம். ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். படியில் உட்கார்ந்திருந்த ஆபா எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டாள். வாசல்வரை தூக்கி வந்தாள். வாசலில் திரும்பக் கொடுத்தாள். அதற்கு மேல் வரவில்லை.

எதிரே மான்சா யாரோ ஒருத்தியின் தலையை மடியில் சாய்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"பையெல்லாம் எடுத்துக்கிட்டு எங்கே பயணம் அக்கா?" என்றாள்.

"அக்ராவுக்கு."

"அங்கே என்ன?"

"ஸ்டோரை ஒப்படைக்கப் போறேன்" என்றாள் பென்ட்சிவா.

மான்சா கேள்வியையும் கேட்டாள், பதிலையும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் பென்ட்சிவா தெருவில் இறங்கி நடந்தாள்.